அதே ஐந்தாம் வகுப்பு, அதே கையெழுத்து

வாசகியின் கடிதம்:

நாங்கள் வணங்கும் இடத்தோடு சேர்ந்த ஓர் அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. நான்கு வருடமாக அதன் மூலம் ஒரு சிறுமியின் படிப்புச் செலவை ஏற்றிருக்கிறேன். சம்பளம் வந்ததும் முதலில் போவது அந்தப் பணம்தான். வருடத்துக்கு இரண்டு தடவை அவள் போட்டோவும் ஒரு கடிதமும் வரும். போன வருடக் கடிதத்தில் ஐந்தாம் வகுப்பு என்று இருந்தது, இந்த வருடமும் ஐந்தாம் வகுப்பு என்றே இருக்கிறது. என் தோழி வேறொரு பையனைப் படிக்க வைக்கிறாள், அவளுக்கு வந்த கடிதத்திலும் இதே கையெழுத்து. என் அண்ணன், "கடவுள் பெயரைச் சொல்லி வசூல் செய்கிறார்கள், பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திப் பிரார்த்தனையில் உட்கார வைக்கிறார்களாம், நீ கொடுத்துக்கொண்டே இரு" என்கிறார். இப்போது விடுதி கட்டத் தனியாக நன்கொடை வேறு கேட்கிறார்கள். இதை நிறுத்திவிட்டு ஏதாவது ஒரு குடும்பத்துக்கு நேரடியாகக் கொடுத்துவிடலாமா? அந்தச் சிறுமி ஒவ்வொரு கடிதத்திலும் "நீங்கள் நலமா" என்று கேட்கிறாள். நான் ஒரு தடவைகூடப் பதில் எழுதியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

முதலில் அந்த ஐந்தாம் வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மனதை அரித்துக்கொண்டிருப்பது அதுதான் என்று கடிதத்தைப் படித்ததுமே தெரிந்தது. அறக்கட்டளைகளின் கணக்கைத் தணிக்கை செய்வது என் பிழைப்பு. கடவுள் பெயரில் நடப்பவை, கடவுளே இல்லை என்பவர்கள் நடத்துபவை, இரண்டிலும் உட்கார்ந்து வவுச்சர் புரட்டியிருக்கிறேன். ஒரே வகுப்பு இரண்டு வருடம் வருவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அலுவலகத்தில் யாரோ பழைய கடிதத்தை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கலாம். அல்லது அவள் உண்மையிலேயே ஐந்தாம் வகுப்பை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருக்கலாம். முதலாவது என்றால் தாராளமாகக் கோபப்படுங்கள். இரண்டாவது என்றால், அந்த அறக்கட்டளை மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதைதான் வரும்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு தடவை தணிக்கைக்குப் போன இடத்தில், கொடையாளர்களுக்கு அனுப்பிய அறிக்கையையும் பள்ளியின் தேர்ச்சிப் பதிவேட்டையும் எதேச்சையாக அடுத்தடுத்துப் பார்க்க நேர்ந்தது. அறிக்கையில் எல்லாப் பிள்ளைகளும் பாஸ். பதிவேட்டில் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சிவப்பு மை. பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் திருடர் இல்லை, பணம் முழுவதும் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ஒவ்வொரு ரசீதும் இருந்தது. "ஃபெயில் என்று எழுதினால் ஸ்பான்சர் நிறுத்திவிடுகிறார் சார், அப்புறம் அந்தப் பிள்ளை பள்ளியை விட்டே நின்றுவிடுகிறது" என்றார். படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குத்தான் உதவி கூடுதலாக வேண்டும், ஆனால் அந்தப் பிள்ளைக்குத்தான் அது முதலில் நிற்கிறது. அவர் எழுதியது பொய்தான், நான் அறிக்கையில் அதைக் குறிப்பிடவும் செய்தேன். ஆனால் அந்தப் பொய்யை எழுத வைத்தது பணம் கொடுத்தவர்களின் எதிர்பார்ப்பு என்பதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதனால் நிறுத்துவதற்கு முன் ஒரு போன் போடுங்கள். "அவள் எந்த வகுப்பில் இருக்கிறாள், மறுபடியும் அதே வகுப்பு என்றால் ஏன், அதற்கு என்ன செய்கிறீர்கள்" என்று மட்டும் கேளுங்கள். குற்றம் சாட்டுகிற குரல் வேண்டாம். ஒரு வாரத்துக்குள் தெளிவான பதில் வந்தால் உங்கள் சந்தேகத்தில் பாதி தீர்ந்துவிடும். "பார்த்துச் சொல்கிறோம் மேடம்" என்று இரண்டு மாதம் இழுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கையெழுத்துக்கு வருவோம். ஒருவரே பல பிள்ளைகளுக்காகக் கடிதம் எழுதித் தருவது சாதாரணமாக நடப்பது, அதிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற நிலையில் இருக்கிற பிள்ளை என்றால் ஆசிரியரோ தன்னார்வலரோதான் எழுதுவார். அது மோசடி இல்லை. ஆனால் கடிதம் எழுதியவர் யார் என்று அதிலேயே ஒரு வரி போட்டிருக்க வேண்டும், போடாதது தவறு. கடிதம் வந்துகொண்டிருக்கிறது என்பதை வைத்துப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டவும் முடியாது. 1998-ல் சிகாகோ ட்ரிப்யூன் செய்தித்தாள்காரர்கள் தாங்களே சில குழந்தைகளுக்கு ஸ்பான்சராகச் சேர்ந்துவிட்டு, அப்புறம் அந்தக் குழந்தைகளைத் தேடி ஊர் ஊராகப் போனார்கள். மாலி நாட்டில் ஒரு சிறுமி மின்னல் தாக்கி இறந்து நாளாகியிருந்தது, அவளைப் பற்றிய தகவல் மட்டும் உயிரோடு இருப்பது போலவே கொடையாளருக்கு வந்துகொண்டிருந்தது. அந்தத் தொடருக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் பல கொஞ்சம் திருந்தின. சின்ன அறக்கட்டளைகளுக்கு அந்த மாதிரி அதிர்ச்சி எதுவும் கிடைக்கவில்லை.

சரி, இப்படிக் கொடுப்பதால் உண்மையிலேயே பலன் இருக்கிறதா? உங்கள் அண்ணனுக்காகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1952-ல் கொரியப் போரில் அனாதையான பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. நீங்கள் செய்வது போலவே ஒரு குழந்தைக்கு ஒரு ஸ்பான்சர் என்ற முறைதான். புரூஸ் வைடிக், பால் கிளூவே, லெய்ன் ரட்லெட்ஜ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இந்தியா, கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ், பொலிவியா, குவாத்தமாலா ஆகிய ஆறு நாடுகளில், 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் இந்த உதவி பெற்ற பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு என்ன ஆனார்கள் என்று பார்த்தார்கள். மொத்தம் 10,144 பேர். அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பகுதிக்குத் திட்டம் வரும்போது 12 வயதைத் தாண்டியவர்களைச் சேர்ப்பதில்லை, அதனால் ஒரே வீட்டில் தங்கை சேர்ந்திருப்பாள், வயது கடந்த அக்கா சேர்ந்திருக்க மாட்டாள். அந்த அக்காவோடு தங்கையை ஒப்பிட்டார்கள். அதே பெற்றோர், அதே வறுமை. 2013-ல் வெளியான முடிவின்படி, உதவி பெற்றவர்கள் 1.03 முதல் 1.46 ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். உதவி இல்லாமல் பள்ளிப் படிப்பை முடித்திருக்கக் கூடியவர்கள் 100-க்கு 44 அல்லது 45 பேர் என்றால், உதவியோடு அது 12 முதல் 18 பேர் வரை கூடியிருந்தது. கல்வித் துறையில் இது சின்ன எண் இல்லை. உங்கள் அண்ணன் சொல்வது போல எல்லாமே வசூல் வேலையாக இருந்தால் இந்த எண் வந்திருக்காது.

பணம் மட்டும்தான் இதைச் செய்ததா என்று அவர்களுக்கே சந்தேகம். இன்னோர் ஆய்வில் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளைத் தங்களையே வரையச் சொல்லி, அந்தப் படங்களை வைத்து மனநிலையை அளந்தார்கள். உதவி பெறும் பிள்ளைகளின் படங்களில் நம்பிக்கையின் சாயல் கூடுதலாக இருந்தது. எங்கோ ஒருவர் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதே ஒரு குழந்தையை "நானும் படித்து முடிப்பேன்" என்று நினைக்க வைக்கலாம். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கு மறுபடியும் வருகிறேன்.

ஆனால் ஒன்று. உங்கள் பணம் அந்த ஒரு சிறுமியின் பையில் நேராகப் போய் விழுகிறது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான அமைப்புகள் எல்லா ஸ்பான்சர்களின் பணத்தையும் ஒரே கணக்கில் போட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் செலவு செய்கின்றன. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இதைப் போட்டும் இருப்பார்கள். இது ஏமாற்று வேலை என்று சிலர் குதிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. ஒரே பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருக்க, போட்டோவில் அழகாகச் சிரித்த ஒருத்திக்கு மட்டும் புதுப் பை, புதுச் செருப்பு என்றால் மற்ற இரண்டு பேரின் முகத்தை யோசித்துப் பாருங்கள். பொதுவில் போடுவதே நல்லது, ஆனால் அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

பிள்ளையைப் பள்ளிக்கு வரவிடாமல் தடுப்பது எது என்று அந்த அறக்கட்டளைக்குத் தெரியுமா என்பதுதான் நான் எப்போதும் முதலில் கேட்கும் கேள்வி. கட்டணம்தான் தடை என்று நாமே எடுத்துக்கொள்கிறோம். கென்யா 2003-ல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தையே எடுத்துவிட்டது, பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். ஆனால் சீருடை, நோட்டு, போக்குவரத்து எல்லாம் அப்படியே இருந்தன, வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிரச்சினையும் இருந்தது. அதே நாட்டின் மேற்குப் பகுதியில் 75 பள்ளிகளில் குடற்புழு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வில் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவரான மைக்கேல் கிரெமருக்கு, வறுமை ஒழிப்பு ஆய்வுகளுக்காக 2019-ல் நோபல் பரிசும் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால் வருகை கூடியதே தவிர மதிப்பெண் கூடவில்லை. பள்ளிக்கு வருவது ஒன்று, அங்கே கற்றுக்கொள்வது வேறொன்று. உங்கள் சிறுமி மறுபடியும் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு வேண்டியது கட்டணத்துக்கு மேல் வேறு ஏதோ ஒன்று. கண்ணாடியாக இருக்கலாம், மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளாக இருக்கலாம்.

போன் போடும்போது அப்படியே இன்னும் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் இன்று படித்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர், நின்றுபோனவர்கள் ஏன் நின்றார்கள்? ஒரு நல்ல அமைப்பு நின்றுபோன பிள்ளைகளின் கணக்கைக் கையில் வைத்திருக்கும், "எங்களிடம் யாருமே நிற்கவில்லை" என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். பிள்ளைகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? தணிக்கை செய்த கணக்கைக் காட்டுவார்களா? பிள்ளைகளிடம் பெரியவர்கள் யாராவது தவறாக நடந்துகொண்டால் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் உஷாராகிவிடுங்கள்.

நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று கேட்கப் போகிறீர்கள், எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் கேளுங்கள். 2013-ல் அமெரிக்காவில் அறக்கட்டளைகளை மதிப்பிடும் மூன்று அமைப்புகளே சேர்ந்து, நிர்வாகச் செலவை மட்டும் வைத்துத் தரம் பார்க்காதீர்கள் என்று கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. பிள்ளைகள் வருகிறார்களா என்று பார்க்கப் போகும் ஆளின் சம்பளமும் நிர்வாகச் செலவுதான். அதை மிச்சம் பிடித்தால் வருவது உங்களுக்கு வந்த மாதிரியான கடிதம்.

அடுத்தது பிரார்த்தனை. நம்பிக்கை உள்ளவர்கள் பள்ளி நடத்துவது நேற்றைய பழக்கம் இல்லை. ரோமில் ஜோசப் கலாசன்ஸ் என்ற பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தது 1597-ல். இங்கிலாந்தின் குளூஸ்டர் நகரில் ராபர்ட் ரைக்ஸ், வாரம் முழுக்க வேலை செய்த பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி தொடங்கியது 1780-ல். அதே இங்கிலாந்தில் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது நாடு முழுவதும் சட்டப்படி கட்டாயமானது 1880-ல்தான், அதாவது ரைக்ஸுக்கு நூறு வருடம் கழித்து. அரசு வந்து சேராத இடத்தில் பக்தி முதலில் போய் நின்றது, அதை மறுக்க முடியாது. அதற்காகப் பசியை வைத்துப் பக்தி வளர்க்கலாம் என்று ஆகிவிடாது. 1994-ல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு அமைப்புகளும் பேரிடர் உதவிக்காக வகுத்த நெறிமுறையில், உதவியை ஒரு மதக் கருத்தையோ அரசியல் கருத்தையோ பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று வைத்தார்கள். அதில் கையெழுத்திட்டவற்றில் மத அமைப்புகளும் உண்டு.

என் அளவுகோல் எளிமையானது. பிரார்த்தனைக்கு வராத பிள்ளைக்கும் அதே நோட்டு, அதே கட்டணம் கிடைக்கிறதா? வேறு நம்பிக்கைக் குடும்பத்துப் பிள்ளைகள் பட்டியலில் இருக்கிறார்களா? காலையில் கூடி ஒரு பாட்டுப் பாடுவதைப் பற்றி நான் அலட்டிக்கொள்ள மாட்டேன். வருகைப் பதிவேடு பிரார்த்தனை அறையில் எடுக்கப்பட்டால் அலட்டிக்கொள்வேன். "உட்கார வைக்கிறார்களாம்" என்று உங்கள் அண்ணன் சொல்வதை நீங்களும் நம்ப வேண்டாம், அறக்கட்டளை மறுப்பதையும் நம்ப வேண்டாம், ஒரு நாள் போய்ப் பாருங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டே போங்கள், அது பிள்ளைகளின் பாதுகாப்புக்கு. உங்கள் சிறுமியைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். நல்ல அமைப்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது.

நீங்கள் எந்த மதம் என்று எழுதவில்லை, நானும் கேட்கப் போவதில்லை. ஆனால் கொடுப்பது உங்களுக்கு ஒரு மதக் கடமையாகவும் இருந்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கிறிஸ்தவர்களின் தசமபாகமும் சீக்கியர்களின் தஸ்வந்தும் பத்தில் ஒரு பங்கு, அதை எங்கே செலவிடுவது என்பதில் கொஞ்சம் இடம் உண்டு. ஜகாத் அப்படி இல்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேர்ந்த செல்வத்தில் 2.5 சதவீதம், அது போக வேண்டிய எட்டு வகையினரும் வரையறுக்கப்பட்டவர்கள். ஏழைப் பிள்ளையின் கட்டணத்துக்குக் கொடுக்கலாம், கட்டடத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பதே பல அறிஞர்களின் நிலை. இந்த மாதிரிப் பணத்தை அறக்கட்டளை தனிக் கணக்கில் வைத்திருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. படிப்புக்கென்று வாங்கியதை வழிபாட்டிடத்துக்கு வெள்ளையடிக்கத் திருப்பிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன், செய்தவர்கள் அதைத் தவறு என்றே நினைக்கவில்லை, எல்லாம் ஒரே கடவுளின் காசுதானே என்றார்கள். தணிக்கையில் அந்தக் கணக்கு செல்லாது.

விடுதிக்குக் கொடுக்காதீர்கள். குறைந்தபட்சம் இப்போதைக்கு. விடுதியில் யார் தங்கப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு யோசிக்கலாம். மேல்நிலைப் பள்ளி எட்டாத தொலைவில் இருக்கிறது, பெரிய பிள்ளைகள் வாரத்தில் ஐந்து நாள் தங்கி வார இறுதியில் வீட்டுக்குப் போவார்கள் என்றால் அதில் நியாயம் உண்டு. ஆனால் சின்னப் பிள்ளைகளை, வீட்டில் சோற்றுக்கு வழியில்லை என்ற ஒரே காரணத்துக்காக அங்கே கொண்டுவந்து வைக்கும் திட்டம் என்றால் அது வேறு கதை. வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009-ல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. கட்டடத்துக்கு நன்கொடை வாங்குவது சுலபம், கல்வெட்டில் பெயர் வரும். கட்டி முடித்த பிறகு அதை நிரப்பப் பிள்ளைகளைத் தேட வேண்டியிருக்கும், அங்கேதான் கோளாறு ஆரம்பிக்கும்.

நேரடியாக ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். கொடுக்கலாம், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த குடும்பமாக இருந்து, பணத்தைப் பள்ளியிலேயே கட்டிவிட்டு ஒதுங்கி நிற்க உங்களால் முடியும் என்றால். முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் அந்த அம்மாவைப் பார்க்கும்போது "பிள்ளை எத்தனை மார்க்?" என்று கேட்காமல் இருக்க வேண்டும், அவர்கள் வீட்டில் புதிதாக ஒரு டிவி வந்தால் கணக்குப் போடாமல் இருக்க வேண்டும். நடுவில் ஓர் அறக்கட்டளை இருப்பதில் பல தொல்லைகள் உண்டு, ஆனால் உங்கள் கண்ணில் படாமல் அந்தக் குடும்பம் தலைநிமிர்ந்து நடக்க அது ஒரு திரை போட்டுத் தருகிறது.

எல்லாம் கேட்டுப் பார்த்த பிறகும் திருப்தி வரவில்லை என்றால் நிறுத்துங்கள், ஆனால் கல்வி ஆண்டு முடிந்த பிறகு, முன்கூட்டி எழுத்தில் சொல்லிவிட்டு. நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நான் முன்னே சொன்ன அதே கம்பாஷன் அமைப்பே உதாரணம். வெளிநாட்டுப் பணம் பெறுவதில் அரசு கட்டுப்பாடு போட்டதால் 2017 மார்ச்சில் அது இந்தியாவில் வேலையை முடித்துக்கொண்டது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றது. யார் பக்கம் நியாயம் என்று பெரியவர்கள் வாதாடினார்கள். "உங்களைப் போல நாற்பது பேர் ஒரே நாளில் நிறுத்தினால் பிள்ளைகளுக்கு எத்தனை மாதத்துக்குக் கையிருப்பு இருக்கிறது?" என்பதையும் அந்த போனில் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, பதில் எழுதாத நான்கு வருடம். ஜகார்த்தா பிள்ளைகள் வரைந்த படங்களைச் சொன்னேனே, அதற்காகத்தான். எழுதுங்கள். அறக்கட்டளை மூலமாகவே, ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். நலமாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள், ஏனென்றால் அவள் கேட்டது அதைத்தான். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், பள்ளியில் எந்தப் பாடம் உங்களுக்கு வரவே வராது என்று எழுதுங்கள். வகுப்பைப் பற்றிக் கேட்க வேண்டாம், அவள் ஃபெயிலாகியிருந்தால் அதை அவளுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. பண விஷயம் ஒரு வார்த்தையும் வேண்டாம், கடவுளைப் பற்றியும் இந்தத் தடவை வேண்டாம். அப்புறம் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: எனக்குப் பதில் எழுத வேண்டும் என்பதில்லை, தோன்றினால் எழுது, எழுதாவிட்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.